நான்கு கொடிகள் கண்ட கோயில்

கோயில் எதற்கு என்று குழந்தை கேட்டால், கும்பிடுவதற்கு என்று விடை கூறுவோம். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதுமன்று. நமது கிழக்குக் கரையின் அண்மைக்காலச் சரித்திரமே அதற்குச் சான்று. கடல் யாத்திரை ஒன்றோடு இணைத்துக் கர்ணபரம்பரைக் கதை வழங்கும் வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில், 1990ஆம் ஆண்டிலே வீடுவாசல் இழந்தோரின் புகலிடமாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி, அங்கே தஞ்சமடைந்திருந்தவர்களுட் பலர் கொலையுண்டனர். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 3ஆந் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தோர் கொலையுண்டனர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் கரைமீறி வந்தபோதோ, கல்முனைக் கரையில் உயிர் தப்பியோர் பாடசாலைகளையும் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையுமே நாடினர்.

வழிபாட்டிடம் புகலிடமாகிறது, இடுகாடாகிறது, சில வேளைகளில் ஆயுதக் களஞ்சியமாகவும் ஆகிறது. கட்டியவர் ஒருவர், கைப்பற்றியவர் ஒருவர், காத்தவர் ஒருவர் என்று அதன் கதை நீள்கிறது. இத்தகைய கதையொன்றை ஐந்நூறு ஆண்டுகளாகத் தன் சுவர்களிலே தாங்கி நிற்கும் கட்டடம் ஒன்று, கடலுக்கு அப்பால், மலையாளக் கரையிலே உண்டு. கொச்சிக் கோட்டைப் பகுதியிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயமே அது. இந்தியாவில் ஐரோப்பியர் எழுப்பிய தேவாலயங்களுள் மிகப் பழையது என்று அதனைக் கூறுவர்.

கொச்சியின் கதையில் நமக்கென்ன என்று வாசகர்கள் வினவக்கூடும். இலங்கைக் கத்தோலிக்கர் 1834ஆம் ஆண்டு வரையிலே கொச்சி மேற்றிராசனத்தைச் சார்ந்திருந்தனர். கொச்சியிற் கொடி மாறிய போதெல்லாம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொடி மாறியது. ஆதலால் அக்கோயிலின் கதையிலே பாதி நமது கதையுமாகும்.

நகரத்திலே துறவிகள்

துறவியர் மடம் என்றதும் காடும் மலையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இத்தாலி தேசத்து அசிசி நகரிலே பிறந்த பிரான்சிஸ் அடிகள் 1209ஆம் ஆண்டளவிலே தொடக்கிய சபை அத்தகையதன்று. சொத்து வைத்துக்கொள்ளாது, பிச்சை ஏற்று உண்டு, சந்தை கூடும் ஊர்களிலே மக்கள் நடுவே வாழ்ந்து உபதேசிப்பதே அச்சபையாரின் நெறி. ஆகவே அவர்களுடைய மடங்கள் நகரங்களினுள்ளே எழுந்தன. மடத்தை ஒட்டிய கோயில் நகரத்தார் அனைவரும் வந்து போகும் இடமாயிற்று.

போர்த்துக்கேய மாலுமிகள் கிழக்கு நோக்கிக் கப்பலேறியபோது இத்துறவிகளும் உடன் ஏறினர். 1500ஆம் ஆண்டு கப்ரால் என்பவரின் கப்பல்கள் கொச்சியை அடைந்தன. 1503ஆம் ஆண்டில் அல்புகேர்க் என்னும் தளபதி, கொச்சி அரசரின் இசைவோடு அங்கே ஒரு கோட்டை கட்டினார். கோழிக்கோட்டுச் சாமூதிரியோடு பகை கொண்டிருந்த கொச்சி அரசருக்கு இப்புதிய நண்பர்களின் பீரங்கிகள் தேவைப்பட்டன. போர்த்துக்கேயருக்கோ மிளகு தேவைப்பட்டது. அக்கோட்டையினுள்ளே மரத்தால் ஒரு சிறு கோயிலும் எழுந்தது. நாம் கூறப்புகுந்த கதையின் தொடக்கம் அதுவே.

அக்காலத்து மலையாள நாட்டிலே கல்லும் ஓடும் கொண்டு கட்டும் உரிமை அரண்மனைக்கும் கோயிலுக்குமே இருந்தது என்பர். ஆகையால் மரக்கட்டடங்களை நீக்கிச் செங்கல்லாற் கட்டுவதற்கு, 1506ஆம் ஆண்டில் ராஜப்பிரதிநிதி அல்மேய்தா கொச்சி அரசரிடம் அனுமதி பெறவேண்டியிருந்தது. அவ்வனுமதியின் பேரிலே பிரான்சிஸ் சபைத் துறவிகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு புதிய கோயிலை எழுப்பி, ஓடு வேய்ந்தனர். 1516ஆம் ஆண்டில் வேலை முற்றுப்பெற்றது. தங்கள் சபையைச் சேர்ந்தவரும் லிஸ்பன் நகரிலே பிறந்தவருமாகிய அந்தோனியாரின் பெயரை அக்கோயிலுக்கு இட்டனர்.

அக்காலத்தில் கொச்சியே போர்த்துக்கேய இந்தியாவின் தலைநகர். கோவாவுக்கு அப்பெருமை முறையாக மாறியது 1530ஆம் ஆண்டிலேதான். ஆகவே தலைநகரத்துப் பெருமக்கள் பலர் அக்கோயிலிலே தொழுதனர். இறந்தபின் அதன் தளத்தின் கீழேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

வெறுங் கல்லறை

அவ்வாறு அடக்கம் செய்யப்பட்டவருள் ஒருவரின் பெயரை நம் பாடசாலைப் பிள்ளைகள் யாவரும் அறிவர். 1498ஆம் ஆண்டிலே கோழிக்கோட்டுக்குக் கடல்வழி கண்டு வந்த வாஸ்கோ ட காமாவே அவர். 1524ஆம் ஆண்டில் ராஜப்பிரதிநிதியாக மூன்றாம் முறை இந்தியாவுக்கு வந்த அவர், வந்த சில மாதங்களிலேயே நோயுற்று, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னாள், டிசெம்பர் 24ஆந் திகதி, கொச்சியிலே காலமானார். துறவிகளின் கோயிலிலே அவருடலைப் புதைத்தனர். பதினான்கு ஆண்டுகளின் பின், 1538இல், எலும்புகளை எடுத்துப் போர்த்துக்கலுக்குக் கொண்டுசென்றனர். இன்று கோயிலின் தென்பகுதியிலே, கம்பியழி சூழ்ந்த கல்லொன்றைக் காட்டி, இதுவே காமாவின் கல்லறை என்கின்றனர். உள்ளே ஒன்றுமில்லை. தேசதேசாந்தரங்களிலிருந்து வருவோர் அந்த ஒன்றுமில்லாததைக் குனிந்து பார்த்துச் செல்கின்றனர்!

அவ்வெலும்புகளின் பிற்காலக் கதையும் கேட்கத்தக்கதே. முதலில் விடிகேரா என்னும் ஊரிலே வைக்கப்பட்ட அவை, 1880ஆம் ஆண்டில் லிஸ்பனை அடுத்த பெலேம் என்னுமிடத்திலுள்ள ஜெரோனிமோஸ் மடத்துக் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. கடலோடிகளுக்காகப் பிரார்த்திக்கும்படி அரசர் மனுவேல் துறவியருக்குக் கட்டிக்கொடுத்த பெருமடம் அது. ஆனால் காமாவின் எலும்புகள் அங்கே போய்ச் சேர்ந்தபோது துறவியர் அங்கில்லை. 1833ஆம் ஆண்டளவிலே அரசாங்கம் மடத்தைக் கலைத்துவிட்டது. மடத்து அறைகள் அநாதைப் பிள்ளைகளின் இல்லமாயின. பின்னர் ஒரு பகுதி நூதனசாலையாயிற்று. 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆந் திகதி ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் லிஸ்பன் உடன்படிக்கையிலே கைச்சாத்திட்டதும் அங்கேயே. கொச்சியிலே ஒரு மடத்துக் கோயிலிற் கிடந்த எலும்புகள் லிஸ்பனிலே இன்னொரு மடத்துக் கோயிலை அடைந்தன. இரண்டிலும் துறவியர் இல்லை, இரண்டும் நிற்கின்றன.

இரண்டாம் கொடி

கொச்சித் துறவிகளின் மடம் எவ்வாறு மறைந்தது? 1656ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தனர். 1658இல் யாழ்ப்பாணமும் நாகபட்டினமும் அவர் வசமாயின. 1658ஆம் ஆண்டின் வெற்றிகளை ஈட்டிய தளபதி வான் கூன்ஸ் என்பவரே 1663ஆம் ஆண்டு ஜனவரியிலே கொச்சிக் கோட்டையையும் கைப்பற்றினார். போர்த்துக்கேயர் கத்தோலிக்கர், ஒல்லாந்தரோ புரட்டஸ்தாந்தர். ஐரோப்பாவிலே மூண்ட சமயப்பகை கொச்சிக் கோட்டைக்குள்ளும் புகுந்தது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். மடங்களும் கோயில்களும் இடிக்கப்பட்டன.

இடிபடாமல் எஞ்சியவை இரண்டு. ஒன்று சாந்த குரூஸ் பேராலயம். மற்றையது துறவிகளின் அந்தோனியார் கோயில். பேராலயத்தை ஒல்லாந்தர் ஆயுதக் களஞ்சியமாக்கினர். துறவிகளின் கோயிலையோ தங்கள் அரசாங்கத்தின் தேவாலயமாக்கிக் கொண்டனர். கத்தோலிக்கப் பீட அலங்காரம் நீங்கிற்று; திருவிருந்து மேசையும் பிரசங்க பீடமும் இடம்பெற்றன. துறவிகள் இலத்தீனிற் பாடிய இடத்திலே ஒல்லாந்தப் போதகர் தம் மொழியிலே பிரசங்கம் செய்தார். 1779ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கட்டடத்தைத் திருத்திய செய்தியை மேற்கு வாயிலின் மேலுள்ள கல் இன்றும் கூறுகிறது.

கோயில் தப்பியது உண்மை. ஆனால் அதிலே தொழுதவர் தப்பினரா? ஒல்லாந்தர் ஆட்சியிலே இலங்கைக் கத்தோலிக்கர் பட்ட துன்பத்தை நாமறிவோம். 1687ஆம் ஆண்டிலே கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகள் ஒளிந்து மறைந்து ஊரூராகத் திரிந்து அவர்களுக்குத் தொண்டாற்றினார். 2015ஆம் ஆண்டு கொழும்பிலே அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் மரபு வரலாறும் இக்காலத்தையே சுட்டும். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர், வணிகரைப்போல வேடம்பூண்டு கொழும்பிலே மறைந்து வாழ்ந்து, அக்கோயிலுக்கு வித்திட்டார் என்பது அம்மரபு. கொச்சியிலே அந்தோனியார் கோயில் கைமாறிய பின்னர், கொழும்பிலே அந்தோனியாருக்கு ஒரு சிறு குடில் எழுந்தது! 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்து, வழிபட வந்தோர் பலர் மாண்டதும் அதே கோயிலிலேதான். கைமாற்றமும் அழிவும் பழங்கதைகள் அல்ல.

கொழும்பிலே ஒரு கோயில்

கொழும்புக் கோட்டைக்குள்ளும் பிரான்சிஸ் சபைத் துறவிகளுக்கு ஒரு மடமும் கோயிலும் இருந்தன. 1543ஆம் ஆண்டிலே கோட்டை இராச்சியத்துக்கு வந்தவர்கள் அச்சபையார். அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்ற அரசன் தர்மபாலன், 1597ஆம் ஆண்டு மே மாதத்தில் இறந்தபோது, அத்துறவிகளின் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டான். கோட்டை இராச்சியத்தின் கடைசி மன்னன் துயின்ற அந்தக் கோயில் இன்றில்லை. அது நின்ற நிலத்திலேதான் ஒல்லாந்தரின் இறுதித் தேசாதிபதி வான் அங்கெல்பெக் தமக்கொரு மாளிகை எடுத்தார். இன்றைய ஜனாதிபதி மாளிகையின் தொடக்கம் அதுவே.

அந்த வான் அங்கெல்பெக் இலங்கைக்கு வருமுன்னர், 1781 முதல் 1793 வரை, கொச்சியிலே ஒல்லாந்தரின் ஆட்சித் தலைவராயிருந்தவர். கொச்சியிலே துறவிகளின் கோயில் அவருடைய ஆட்சியின் தேவாலயம். கொழும்பிலே துறவிகளின் கோயில் நிலம் அவருடைய மாளிகை மனை. ஒரே சபையார் கட்டிய இரு கோயில்கள். ஒரே ஆட்சியாளரின் கையிலே இரு வேறு விதிகள். வேறுபாடு யாது? ஒன்றிலே பெயர் மாறியும் முறை மாறியும் தொழுகை தொடர்ந்தது. மற்றையதிலே தொழுகை நின்றுபோயிற்று.

குருநாதர் திரும்பினார்

1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொச்சியைப் பிடித்தனர். மூன்றாம் கொடி ஏறிற்று. ஆயினும் தேவாலயத்தை ஒல்லாந்தரே வைத்துக்கொள்ள விட்டுவிட்டனர். 1804ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தாமாகவே அதனை அங்கிலிக்கன் சபையாரிடம் ஒப்படைத்தனர். முந்நூறு ஆண்டுக் கதையிலே சண்டையின்றி நிகழ்ந்த கைமாற்றம் அதுவொன்றே எனலாம்.

பேராலயத்தின் விதி வேறாயிற்று. ஆயுதக் களஞ்சியமாயிருந்த அதனை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். அதன் கருங்கல் தூண் ஒன்று, 1905ஆம் ஆண்டிலே அபிஷேகம் பெற்ற புதிய சாந்த குரூஸ் பேராலயத்தின் வளவிலே நினைவுச் சின்னமாக நிற்கிறது.

ஆங்கிலேயர் காலத்திலேதான் பழைய மடத்துக் கோயிலுக்குப் புனித பிரான்சிஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று என்று கருதுவர். இதனை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது. துறவிகளை ஒல்லாந்தர் துரத்தினர், மடம் தரைமட்டமாயிற்று, நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. பின்னர், அத்துறவிகளின் சபையைச் சாராத அந்நியர் கையாலே, அவர்களுடைய குருநாதரின் பெயரே வாயிலில் வந்து அமர்ந்தது!

எதிரெதிர்ச் சுவர்கள்

கோயிலினுள்ளே நுழைவோர் முதலிற் காண்பது கற்களை. முன்பு தளத்திலே பதிந்திருந்த கல்லறைக் கற்களை 1886ஆம் ஆண்டிலே பெயர்த்தெடுத்துச் சுவர்களிலே பதித்தனர். வடசுவரிலே போர்த்துக்கேயரின் கற்கள். தென்சுவரிலே ஒல்லாந்தரின் கற்கள். கோட்டை மதிலின் உள்ளும் புறமும் நின்று ஒருவரையொருவர் சுட்ட இரு சாதியார், இன்று முகத்துக்கு முகம் நோக்கி அமைதியாய் நிற்கின்றனர். நடுவே அமர்ந்து ஜெபம் செய்வோர் மலையாளிகள். வென்றவர் தோற்றவரின் பெயரைச் சுரண்டி எறியவில்லை. அடுத்து வென்றவரும் அவ்வாறே விட்டனர். அக்கோயிலின் உண்மையான செல்வம் அதுவே என்பது நமது துணிபு.

1751 முதல் 1804 வரையான ஒல்லாந்தரின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடும் அத்தேவாலயத்தின் உடைமை. தோம்பு என்றால் என்னவென்று நம் நாட்டாருக்குச் சொல்லவேண்டியதில்லை. காணிக்குத் தோம்பு எழுதிய ஒல்லாந்தரே மனிதருக்கும் ஏடு எழுதினர். 1932ஆம் ஆண்டில் அவ்வேட்டைச் செப்பனிடுவதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினர். அதன் நிழற்படப் பிரதியை இன்று கோயிலிலே காணலாம்.

கூரையின் கீழே தொங்கும் நீண்ட துணிப் பங்காக்களும் காண்போர் கருத்தைக் கவர்வன. மின்விசிறி வராத காலத்திலே அவற்றின் கயிறுகள் சுவர்த் துளைகளின் வழியே வெளியே சென்றன. வெளியே அமர்ந்த வேலையாட்கள் இழுக்க இழுக்க, உள்ளே துரைமார் மீது காற்று வீசிற்று. பெயர் பொறித்த கற்கள் தளபதிகளுக்கும் வணிகருக்குமே வாய்த்தன. கயிறிழுத்தவர்களை நினைவூட்ட எஞ்சியிருப்பவை கயிறும் துணியுமே.

வளவினுள்ளே முதலாம் உலகப் போரிலே மாண்ட கொச்சி வாசிகளுக்கு 1920ஆம் ஆண்டிலே எழுப்பிய நினைவுத்தூணும் உண்டு. கோயில் மீண்டும் ஒருமுறை இறந்தோரின் பெயர்களை ஏற்றுக்கொண்டது.

காட்சிச்சாலையா, கோயிலா?

1923ஆம் ஆண்டில் அக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அதனைக் காவல் செய்கின்றனர். 1947ஆம் ஆண்டிலே நான்காம் கொடியும் ஏறிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி அங்கிலிக்கன், மெதடிஸ்த முதலிய சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை உருவாகவே, கோயில் அதன் வசமாயிற்று. யாழ்ப்பாணத்திலும் ஓர் ஆதீனத்தையுடைய அத்திருச்சபையை நம் வாசகர்கள் அறிவார்கள்.

இப்பொழுது அக்கோயிலுக்குப் பொறுப்பாளர் இருவர். கட்டடத்துக்கு அரசாங்கம், வழிபாட்டுக்குச் சபை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விசேட நாட்களிலும் சபையார் கூடி வழிபடுகின்றனர். ஏனைய நாட்களிலே உல்லாசப் பிரயாணிகள் வந்து வெறுங் கல்லறையைப் பார்க்கின்றனர். இவ்வேற்பாட்டிலே சிக்கல் இல்லாமலில்லை. பழமையைக் காக்கும் துறைக்கு ஓர் ஓடும் மாறலாகாது. வாழும் சபைக்கோ தேவைகள் காலத்தோடு மாறும். எனினும் இருவரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வதாலேயே கோயில் காட்சிச்சாலையாகி உறைந்துவிடாமலும், கவனிப்பாரற்றுச் சிதையாமலும் நிற்கிறது.

எல்லாக் கட்டடங்களுக்கும் அப்பேறு கிட்டுவதில்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளே 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் சிலுவை வடிவிலே கட்டிய அழகிய தேவாலயத்தை முதியோர் பலர் கண்டிருப்பர். கல்லறைக் கற்கள் பதித்த தளத்தோடு இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற அது, நம் காலத்துப் போரிலே இடிபாடாயிற்று. கற்குவியலைக் கண்டு நாம் யாரை நோவது?

கட்டடத்தைக் காப்பது கல்லின் உறுதி மட்டுமன்று. அடுத்து வருபவர் அதிலே தமக்கொரு பயனைக் காணவேண்டும். அத்தோடு, முன்னிருந்தவரின் பெயரை அழிக்காத பெருந்தன்மையும் வேண்டும். கொச்சிக் கோயிலிலே முதலாவது பெரும்பாலும் நிறைவேறிற்று. இரண்டாவது ஓரளவு நிறைவேறிற்று. மடத்தை இழந்த துறவிகளும், கோயிலை இழந்த கத்தோலிக்கரும், கயிறிழுத்த ஏழைகளும் அந்த ஓரளவின் புறத்தே நிற்கின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

வீரமுனையிலே மணி ஒலிக்கிறது. காத்தான்குடியிலே பாங்கு ஒலிக்கிறது. கொச்சிக்கடையிலே மெழுகுதிரி எரிகிறது. கோயிலிலும் பள்ளியிலும் மாண்டவர்களுக்கு அவ்வவ்வூரார் கண்ணீர் வடிக்கின்றனர். நம் பிள்ளைகள் சரித்திரம் படிக்கும்போது, தம் ஊர்க் கல்லிலே பொறித்த பெயர்களை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடலாமா? எதிர்ச் சுவரிலுள்ள பெயர்களையும் திரும்பிப் பார்க்கவேண்டும். அதற்குக் கொச்சிக்குக் கப்பலேற வேண்டியதில்லை. அடுத்த ஊருக்கு நடந்து சென்றாலே போதும்.